இரண்டு பேர் பார்த்தார்கள், இரண்டு மார்க் வந்தது: வாசகர் கேள்வி–பதில்

அங்கன்வாடி, நர்சரி, எல்.கே.ஜி. வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். வகுப்பறை மதிப்பீட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் சேர்ந்து எழுதியது. கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறோம்.

நானும் என்னோடு வரும் அக்காவும் ஒரே அங்கன்வாடியில் ஒரே காலையில் உட்கார்ந்தோம். ‘டீச்சர் குழந்தைகளோடு பேசும் விதம்’ என்ற இடத்தில் ஏழுக்கு அக்கா 6 போட்டார், நான் 3. இருவரும் மனதறிந்துதான் போட்டோம். யார் மார்க்கை அனுப்புவது?
— தன்னார்வலர், வலங்கைமான்

இரண்டையும் அனுப்புங்கள். நடுவில் வெட்டி நாலரை என்று எழுதினால் உங்களுக்குள் இருக்கும் சங்கடம் தீரும்; ஆனால் அந்தத் தாளில் இருந்த ஒரே உபயோகமான செய்தி, அதாவது உங்கள் அளவுகோல் இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பது, காணாமல் போய்விடும்.

வித்தியாசம் மூன்று இடங்களில் பிறக்கலாம். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை. பார்த்தது ஒன்றே, பொருள் எடுத்தது வேறு. பொருளும் ஒன்றே, அதை எண்ணாக மாற்றியது வேறு. எது என்று தெரியாமல் ‘யார் சரி’ என்று பேசுவதில் பயனில்லை.

ஒரு உதாரணம். அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் இறங்குகிறது. ஜன்னலோரக் குழந்தை “டீச்சர், வாத்து!” என்கிறது. “ஆமா, வாத்துதான். என்ன கலரு, சொல்லு?” என்கிறார் டீச்சர். அக்காவின் கணக்கில் இது குழந்தை தொடங்கிய பேச்சை டீச்சர் வளர்த்தது. உங்கள் கணக்கில் இது ஒரே சொல்லில் முடிந்துபோகும் கேள்வி. இரண்டும் உண்மை. விதித்தாளில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது: “ஒரு சொல்லில் பதில் முடியும் கேள்வி, திறந்த கேள்வி ஆகாது. ஆனால் குழந்தை தொடங்கிய பேச்சுக்கு மறுபேச்சு என்ற வகையில் ஒன்று சேர்க்கவும்.”

யாருடைய பேச்சைக் கணக்கில் எடுப்பது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அங்கன்வாடியில் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அடுப்படியிலிருந்து ஆயா “டேய், ஓடாதே!” என்று போட்ட சத்தம் மார்க்கைக் குறைக்குமா? சில அளவுகோல்கள் அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் எடுத்துக்கொள்ளும். யார் எத்தனை குழந்தைகளோடு எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைப் பொறுத்து அவர் பங்கு கூடும், குறையும். உங்கள் தாளில் இதற்கு வரி இல்லையென்றால், ஆளுக்கு ஒரு முடிவு எடுத்திருப்பீர்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். 20 நிமிடம் பார்த்து எழுத மட்டும். மார்க் பக்கத்தைத் திருப்பவே கூடாது. இடது ஓரத்தில் மணி, வலதில் நடந்ததும் சொன்னதும் அப்படியே. ‘அன்பாகப் பேசினார்’ என்பது குறிப்பு அல்ல, தீர்ப்பு. ‘மண்டியிட்டு, கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்’ என்பதுதான் குறிப்பு. பிறகு 10 நிமிடம் மார்க் போட. ஒவ்வொரு மார்க்குக்கும் குறைந்தது இரண்டு குறிப்பைச் சுட்ட வேண்டும். சுட்ட முடியாவிட்டால் அந்த மார்க் உங்கள் மனநிலையிலிருந்து வந்தது. மார்க் போட்டு முடியும்வரை ஒருவரோடொருவர் பேச்சு வேண்டாம், புருவம் உயர்த்துவதும் வேண்டாம்.

எங்கே உட்கார்ந்தீர்கள் என்றும் பாருங்கள். ஒருவர் சமையலறைப் பக்கம், ஒருவர் எதிர்மூலை என்றால், குக்கர் விசில் சத்தத்திலும் மின்விசிறிச் சத்தத்திலும் ஒருவருக்குப் பாதிப் பேச்சு கேட்டிருக்காது. 6-க்கும் 3-க்கும் காரணம் சில நேரம் இவ்வளவுதான்.

எங்கள் மையத்துக்கு மார்க் போட வந்தது நவம்பர் மாதம், அடைமழை. வந்திருந்தது ஏழு பிள்ளைகள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ‘செயல்பாடு குறைவு’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள், இருவரும் ஒரே மார்க்தான் போட்டார்களாம், அதனால் மாற்ற முடியாதாம். இது நியாயமா?
— அங்கன்வாடி பணியாளர், திருத்துறைப்பூண்டி வட்டாரம்

இருவரும் ஒத்துப்போனார்கள் என்பது அந்த அரை மணி நேரத்தைப் பற்றிய சான்று. உங்கள் மையத்தைப் பற்றிய சான்று அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. படித்தவர்களும் செய்கிறார்கள்.

ஒரு வகுப்பின் மார்க் ஆடுவதற்குப் பார்வையாளர் ஒரு காரணம். நாள், பருவம், அன்று நடந்த செயல்பாடு, வந்த குழந்தைகளின் எண்ணிக்கை எல்லாம் வேறு காரணங்கள். டெல்டாவில் இந்த இரண்டாவது வகைக் காரணங்கள் பெரியவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சம்பா நடவுக்கும் அறுவடைக்கும் அம்மாக்கள் விடியலிலேயே வயலுக்குப் போகும் நாட்களில் பிள்ளைகள் சத்துமாவு நேரத்துக்கு வந்து சேர்வதும் உண்டு. ஜூனில் மேட்டூர் திறந்த வாரமும் பொங்கல் முடிந்த வாரமும் ஒரே அங்கன்வாடியில் ஒரே காட்சி கிடையாது. இரண்டாவது பார்வையாளரைச் சேர்ப்பதால் இந்த ஆட்டம் ஒரு துளியும் குறையாது. இன்னொரு நாள் வந்தால்தான் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு; ஸ்பியர்மன், பிரௌன் என்ற உளவியலாளர்கள் 1910-இல் தனித்தனியே வெளியிட்டது. ஒரு வருகையின் நம்பகத்தன்மை, அதாவது மார்க்கில் தற்செயல் ஆட்டம் இல்லாத பங்கு, 0.40 என்று வைத்துக்கொள்வோம் (1 என்றால் ஆட்டமே இல்லை). இரண்டு வருகையின் சராசரிக்கு அது 0.57, மூன்றுக்கு 0.67, நான்குக்கு 0.73. முதல் இரண்டு மூன்று வருகைகளில் ஏற்றம் அதிகம், பிறகு மெதுவாகும். ஆகவே நான்கு முறை வர ஆளில்லாவிட்டாலும், இரண்டு பேரை ஒரே நாளில் அனுப்புவதற்குப் பதில் ஒவ்வொருவராக இரண்டு நாளில் அனுப்பலாம். பேருந்துச் செலவு கிட்டத்தட்ட அதேதான்.

நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது: வந்த தேதி, நேரம், இருந்த குழந்தைகள், பார்த்த செயல்பாடு, இவை மார்க்கோடு பதிவாகியிருக்கிறதா? வேறு பருவத்தில் இன்னொரு வருகை உண்டா? ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டப்படி அன்றைய தலைப்பு எது, அந்த அரை மணியில் எது நடந்தது என்று உங்கள் பக்கமும் ஒரு வரி எழுதி வையுங்கள். மழைநாள் என்பதை மார்க் தாளே சொல்ல வேண்டும். நீங்கள் பிறகு வாயால் சொன்னால் அது சாக்குப் போலத் தோன்றும்.

எம்.எட். ஆய்வுக்காக நானும் தோழியும் ஐம்பது சிறு நேர இடைவெளிகளில் ‘டீச்சர் குழந்தைகள் அருகில் இருக்கிறாரா’ என்று ஆம்/இல்லை குறித்தோம். 88 சதவீதம் ஒத்துப்போனது. வழிகாட்டி ‘கப்பா எவ்வளவு?’ என்றார். கணக்கிட்டால் 0.33 வருகிறது. கணக்கில் எங்கே தவறு?
— மாணவி, கும்பகோணம்

கணக்கு சரி. உங்கள் தாளை வைத்தே பார்ப்போம். இருவரும் ‘ஆம்’ என்றது 42. இருவரும் ‘இல்லை’ என்றது 2. நீங்கள் மட்டும் ‘ஆம்’ 3, தோழி மட்டும் ‘ஆம்’ 3. ஒத்துப்போனது 44, அதாவது 0.88.

இப்போது இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் எவ்வளவு ஒத்துப்போயிருக்கும்? இருவரும் ஆளுக்கு 45 முறை ‘ஆம்’ போட்டிருக்கிறீர்கள், அதாவது 0.9. தற்செயலாக இரண்டும் ‘ஆம்’ ஆவது 0.9 × 0.9 = 0.81, இரண்டும் ‘இல்லை’ ஆவது 0.1 × 0.1 = 0.01. கூட்டினால் 0.82. ஆக, ஓசியில் கிடைப்பது 0.82, நீங்கள் உழைத்துச் சேர்த்தது 0.06, சேர்க்க இடமிருந்தது 0.18. 0.06-ஐ 0.18-ஆல் வகுத்தால் 0.33. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் சொன்ன கப்பா, அதாவது தற்செயலைக் கழித்த ஒப்புதல், இதுதான்.

அதே 88 சதவீதம் வேறு விதமாக வந்திருந்தால்? இருவரும் ‘ஆம்’ 24, இருவரும் ‘இல்லை’ 20, மாறியது 3 + 3 என்று வையுங்கள். தற்செயல் பங்கு 0.50 அளவில் நிற்கும், கப்பா 0.76 வரும். தவறு ஆறுதான், இரண்டிலும். வித்தியாசம் என்னவென்றால், உங்கள் வகுப்பில் டீச்சர் குழந்தைகளை விட்டு விலகியதே அபூர்வம். அந்த அபூர்வமான தருணத்தை இருவரும் ஒன்றாகப் பிடிக்கவில்லை: எட்டு இடங்களில் யாரோ ஒருவராவது ‘இல்லை’ என்றிருக்கிறீர்கள், சேர்ந்து சொன்னது இரண்டில்தான்.

ஆய்வேட்டில் சதவீதம், கப்பா இரண்டையும் போடுங்கள். நாலு கட்ட அட்டவணையையும் அப்படியே கொடுங்கள். கப்பா 0.61-க்கு மேல் என்றால் ‘கணிசமானது’ என்ற லாண்டிஸ்–கோச் வரிசையை (1977) எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எல்லைகள் தாங்களாக வகுத்துக்கொண்டவைதான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. பதில் ஆம்/இல்லையாக இல்லாமல் 1 முதல் 7 வரை இருந்தால் சாதாரண கப்பா பொருந்தாது: 3-க்கும் 4-க்கும் உள்ள பிசகையும் 1-க்கும் 7-க்கும் உள்ள பிசகையும் அது ஒன்றாகவே தண்டிக்கும். அங்கே பிசகின் அளவுக்கு ஏற்பத் தண்டிக்கும் எடையிட்ட கப்பா (அதுவும் கோஹன்தான், 1968) அல்லது வகுப்பினத் தொடர்புக் கெழு (மார்க் வித்தியாசத்தில் எவ்வளவு உண்மையிலேயே வகுப்புக்கு வகுப்பு உள்ளது என்று காட்டும் எண்).

உண்மையான பரிகாரம் கணக்கில் இல்லை. ‘அருகில்’ என்றால் எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை என்று ஊகிக்கிறோம். கை நீட்டினால் தொடும் தூரமா, அதே பாயிலா, அதே அறையிலா? அதை முடிவு செய்துவிட்டு, டீச்சர் அதிகம் நகரும் நேரமாகப் பார்த்து மறுபடி ஐம்பது எடுங்கள்.

இரு பார்வையாளர்களின் மார்க்குகளுக்கிடையே தொடர்புக் கெழு 0.95-க்கு மேல். இது போதுமல்லவா?
— ஆய்வாளர், நன்னிலம்

போதாது. ஒருவர் மார்க் ஏறும்போது மற்றவருடையதும் ஏறுகிறதா என்பதை மட்டும்தான் தொடர்புக் கெழு பார்க்கும்; 1 அதன் உச்சம். ஒருவர் ஐந்து மையங்களுக்கு 2, 3, 4, 5, 6 போடுகிறார். மற்றவர் அதே மையங்களுக்கு 3, 4, 5, 6, 7. தொடர்புக் கெழு சரியாக 1. ஒரு மார்க்கில்கூட ஒத்துப்போகவில்லை. ஒருவர் கைதாராளம், ஒருவர் கைக்கஞ்சம் என்பதைத் தொடர்புக் கெழு பார்க்கவே பார்க்காது. மையங்களை வரிசைப்படுத்த மட்டும், அதுவும் எல்லா மையத்துக்கும் ஒரே ஆள் போனால், பரவாயில்லை. ‘5-க்குக் கீழ் என்றால் மறுபயிற்சி’ என்ற மாதிரி வெட்டுக்கோடு இருந்தால், எந்த மையத்துக்கு யார் போனார் என்பதே விதியாகிவிடும். வகுப்பினத் தொடர்புக் கெழுவில் ‘முழு ஒப்புதல்’ வகையை, அதாவது இருவர் மார்க்கும் அதே எண்ணா என்று பார்ப்பதை, கணக்கிடுங்கள்.

எங்கள் நர்சரிப் பள்ளியில் வெளிநாட்டு அளவுகோல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துப் பயன்படுத்த எண்ணம். எதை எடுக்கலாம்? 80 சதவீதம் வந்தால் பார்வையாளர் தேர்ச்சி என்கிறார்களே, அது நல்ல அளவா?
— தாளாளர், மன்னார்குடி

அதிகம் புழங்குபவை இரண்டு. ஒன்று, தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபோர்டும் 1980-இல் கொண்டுவந்த ஈசெர்ஸ் (ECERS, முன்பருவக் கல்விச் சூழலை அளக்கும் அளவுகோல்). இது இடம், பொருள், சுகாதாரம், பேச்சு, கால அட்டவணை எல்லாவற்றையும் பார்க்கும். மற்றொன்று ‘கிளாஸ்’ (CLASS, 2008, பியான்டா குழு). இது ஆசிரியர்–குழந்தை உறவை மட்டும் பத்துக் கூறுகளில் பார்க்கும். இரண்டிலும் மார்க் 1 முதல் 7 வரை. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஈசெர்ஸை அடியொற்றித் தமிழ்நாட்டுச் சூழலுக்கென்றே ‘டெசெர்ஸ்’ என்று ஒன்றை வடிவமைத்திருக்கிறது. முதலில் அதைத் தேடிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு வேலை பாதி மிச்சம்.

ஈசெர்ஸ் வகையில் ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு உருப்படியிலும் (மார்க் போடும் தலைப்பிலும்) 1, 3, 5, 7 என்ற படிகளின் கீழ் சின்னச் சின்ன ஆம்/இல்லைக் குறிகள். ‘1’-இன் கீழ் உள்ள மோசமான குறி ஒன்றுக்கு ‘ஆம்’ விழுந்தாலே முழு உருப்படிக்கும் மார்க் 1. ‘3’-இன் கீழ் உள்ளவை எல்லாம் ஆம் ஆனால்தான் 3; கூடவே 5-இன் குறிகளில் பாதியாவது வந்தால் 4. அதாவது, சாப்பாட்டுக்கு முன் கை கழுவியதை ஒருவர் பார்த்து மற்றவர் பார்க்கவில்லை என்றால், வித்தியாசம் அரை மார்க்கில் நிற்காது. 1-க்கும் 4-க்கும் போய்விடும். பின்கட்டுக் குழாயடியில் பிள்ளைகள் வரிசை நிற்கும்போது பார்வையாளர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லாவிட்டால் இந்த உருப்படி தேறவே தேறாது. ஆகவே மொத்த மார்க்கோடு குறிகளின் அளவிலும் ஒப்பிடுங்கள். மொழிபெயர்க்கையில் நாற்காலி–மேசை பற்றிய வரிகள் பாயில் உட்காரும் வகுப்பில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுதி முடிவு செய்யுங்கள். பார்வையாளரின் பெருந்தன்மைக்கு விட்டால் ஆளுக்கு ஒன்று.

80 சதவீதம் பற்றி. ‘கிளாஸ்’ சான்றிதழில், நிபுணர் மார்க்கிலிருந்து ஒரு மார்க் மேலே கீழே இருந்தால் ஒப்புதல் என்று எண்ணி, அப்படி 80 சதவீதம் கேட்கிறார்கள். தொடக்கத்துக்குச் சரி. ஆனால் உங்கள் வகுப்புகளின் உண்மை மார்க்குகள் எல்லாம் 3, 4, 5-க்குள்ளேயே இருந்தால், வகுப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் வரிசையாக 4 போட்டவரும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஆகவே பயிற்சி வீடியோக்களில் மிக நல்லதும் மிக மோசமானதும் கட்டாயம் இருக்கட்டும்; அச்சாக ஒரே மார்க் எத்தனை முறை வந்தது என்பதையும் தனியே எண்ணுங்கள்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஈடுபாட்டோடு விளையாடுகிறார்கள் என்று எப்படிக் குறிப்பது? எல்லோரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை.
— நர்சரி ஆசிரியை, ஒரத்தநாடு

ஒரே நேரத்தில் பார்க்க வேண்டாம். 15 பிள்ளைகளின் பெயரையும் ஒரு வரிசையில் எழுதுங்கள். 20 விநாடிக்கு ஒரு பிள்ளை. மணி அடித்த கணத்தில் கண்ணில் பட்டதை மட்டும் குறியுங்கள்: ஈடுபாடு, சும்மா, காத்திருப்பு, அழுகை. ஒரு சுற்று 5 நிமிடம். அரை மணியில் 6 சுற்று, 90 குறிகள். ‘அந்த 20 விநாடிக்குள் ஒரு முறையாவது விளையாடினானா’ என்று கேட்காதீர்கள். இரண்டு விநாடி பொம்மையைத் தொட்டவனும் முழு 20 விநாடி விளையாடியவனாகக் கணக்கில் ஏறுவான். கைபேசியில் அதிர்வு மட்டும் வையுங்கள், ஒலி வைத்தால் பிள்ளைகள் உங்களைச் சுற்றி வந்துவிடுவார்கள்.

பன்னிரண்டு பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். முதல் மாதம் ஒப்புதல் நன்றாக இருந்தது. மூன்றாம் மாதம் சரிந்துவிட்டது. பயிற்சி போதவில்லையா?
— ஒருங்கிணைப்பாளர், நாகப்பட்டினம்

பயிற்சி போதும், பராமரிப்பு போதவில்லை. அளவுகோல் மனதுக்குள் மெல்ல நகரும். தொடர்ந்து நலிந்த மையங்களையே பார்த்தவருக்கு நடுத்தரமான வகுப்பு பிரமாதமாகத் தெரியும். நல்ல பள்ளி ஒன்றிலிருந்து நேரே வந்தவருக்கு அதே வகுப்பு மட்டம்.

இதில் இன்னொரு நுட்பம். எப்போதும் ஒரே வண்டியில் போகும் ஜோடி ஒன்று இருக்குமே, அவர்கள் ஒப்புதல் எப்போதும் உச்சத்தில் இருக்கும். திரும்பும் வழியில் டீக்கடையில் பேசிப் பேசித் தங்களுக்கென்று தனி விதி உண்டாக்கியிருப்பார்கள். அந்த ஜோடியைப் பிரித்து வேறொருவரோடு அனுப்பிப் பாருங்கள், சாயம் வெளுக்கும். ஜோடிகளை மாதாமாதம் மாற்றுங்கள்.

வருகைகளில் ஐந்தில் ஒன்றை இருவர் தனித்தனியே மார்க் போடட்டும்; எந்த வருகை ஒப்பிடப்படும் என்பது முன்கூட்டித் தெரியக்கூடாது. சோதிக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எல்லோரும் ஒழுங்காகவே போடுவார்கள். மாதம் ஒரு முறை, முன்பே மார்க் தீர்மானித்த ஒரு வீடியோவை எல்லோருக்கும் காட்டி ஒப்பிடுங்கள். பேசி முடிவான மார்க்கை வேறு நிறப் பேனாவில் பக்கத்தில் எழுதலாம். முதல் மார்க்கை அடிக்கவோ திருத்தவோ கூடாது. திருத்திய தாளிலிருந்து ஒப்புதல் கணக்கிட்டால் 100 வரும், அது எதற்கும் உதவாது.

யு.கே.ஜி. படிக்கும் மகனின் அட்டையில் ‘கவனம் குறைவு, பிறரோடு சேர்வதில்லை, மொழி சுமார்’ என்று எல்லாமே கீழ்க் கட்டத்தில். வீட்டில் அப்படி இல்லை. மிஸ் தவறா, நாங்கள் தவறா?
— தாய், மயிலாடுதுறை

யாருமே தவறாக இருக்கத் தேவையில்லை. வீட்டில் ஒருவர் பேசுவதைக் கேட்பதும் முப்பது பேர் நடுவில் கேட்பதும் ஒரே வேலை அல்ல. இரண்டு இடத்து மார்க்கும் வேறுபடுவது இயல்பு. ஆனால் எல்லாக் கட்டமும் ஒரே நிறத்தில் இருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்றக் கட்டங்களுக்கும் வழிந்துவிடும். உளவியலாளர் தார்ன்டைக் 1920-இலேயே இதை ‘ஒளிவட்டம்’ என்று பெயர் வைத்துக் காட்டினார்.

மிஸ்ஸிடம் “ஏன் இப்படிப் போட்டீங்க?” என்று கேட்காதீர்கள். “கவனம் குறைவுன்னு எழுதியிருக்கீங்களே மிஸ், எந்த நேரத்துல, என்ன பண்ணும்போது பார்த்தீங்க?” என்று கேளுங்கள். தேதி போட்ட மூன்று சம்பவம் கிடைத்தால் அது மதிப்பீடு. இல்லையென்றால் அடுத்த இரண்டு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிறந்த மாதத்தையும் பாருங்கள்: ஒரே வகுப்பில் பதினோரு மாத வித்தியாசம் இருக்கலாம், ஐந்து வயதில் அது ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளையானால், எதற்கும் முன் காதை ஒரு முறை சோதித்துவிடுங்கள். கேட்காத பிள்ளைக்கு இந்த மூன்று கட்டமும் சேர்ந்தே குறையும்.

நேரில் உட்காருவதற்குப் பதில் கைபேசியில் வீடியோ எடுத்துப் பிறகு மார்க் போடலாமா?
— தன்னார்வலர், வேதாரண்யம்

போடலாம், மூன்று நிபந்தனையோடு. பெற்றோரின் எழுத்து அனுமதி. கைபேசி ஒரே மூலையில், பெரியவர் இடுப்பு உயரத்தில், ஜன்னலுக்கு முதுகு காட்டி. வெளிச்சத்தைப் பார்த்து வைத்தால் எல்லா முகமும் நிழலாகிவிடும். சட்டையில் மாட்டும் சிறு மைக் டீச்சருக்கு. கைபேசியின் மைக்கில் மின்விசிறியும் மழையும் மட்டுமே பதிவாகும். கழிப்பறை, கை கழுவும் இடம், வாசல் விளையாட்டு ஆகியவை வீடியோவில் வராது, அந்த உருப்படிகளை நேரில் வந்தே பாருங்கள். முதல் நாள் பதிவைத் தள்ளிவிடுங்கள். அன்றைக்குப் பிள்ளைகள் பார்ப்பது டீச்சரை அல்ல, கைபேசியை.